முறைப்படி முறைத்தல்

பூமியில் இனித் தண்ணீர்த் தட்டுப்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை என்னும் செய்தி, ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளி மைதானத்து வெயிலில் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்த மாணவ மாணவியருக்கு ஒலிபெருக்கி வழியாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் தலைமையாசிரியை. நெருப்பைக் கண்டுபிடித்த ஆதிமனிதன் கையில் அன்று ஒரு மைக்கைக் கொடுத்திருந்தால்கூட அவன் இவ்வளவு பெருமிதமாகப் பேசியிருக்க மாட்டான்.

“நம் முன்னோரின் மரபறிவையும் இன்றைய அறிவியலையும் ஒருங்கிணைத்து, வள மேலாண்மையைக் கல்வி வழியே புகட்டும் ஒருங்கிணைந்த திட்டத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு நம் பள்ளியைத் தேடி வந்திருக்கிறது” என்றார் அவர். ஒரே மூச்சில் இத்தனை ஒருங்கிணைத்த களைப்பில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஞாயிறு விடுமுறையில் நிரப்பாத மேல்மாடித் தொட்டி காலியாக இருந்தது. எதிர்க்கடைக்கு ஆளனுப்பி ஒரு பாட்டில் வாங்கி வந்தார்கள்.

புவியியல் ஆசிரியர் கடைசி வரிசைக்கும் பின்னால், கொடிக்கம்பத்தின் நிழல் நகர நகரத் தானும் நகர்ந்துகொண்டு நின்றார். யார் கண்ணிலும் படாமல் இருப்பதில் அவர் கைதேர்ந்தவர். ஆசிரியர் குழுப் படத்தில் அவர் இருக்கும் இடத்தில் எப்போதும் முன்வரிசைக்காரரின் காதுதான் இருக்கும்.

அவருக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று: இடமாற்றம். மனைவி தொலைவில் இன்னொரு நகரத்து மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். மகளும் அவளோடு. இவர் இங்கே தையற்கடை மாடியில் ஓர் அறையில், தையல் இயந்திரங்களின் தடதடப்பில் விடைத்தாள் திருத்திக்கொண்டு வாழ்ந்தார். மகள் வகுப்பில் வரைந்த குடும்பப் படத்தில் அம்மா இருந்தாள், வீடு இருந்தது, ஒரு பூனை இருந்தது. அப்பா மேசைமேல் கைபேசிக்குள் இருந்தார். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆண்டுதோறும் மனுப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். ‘இவரை விடுவிக்க ஆட்சேபணை இல்லை’ என்ற வரியின்கீழ் தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டால் மனு நகரும். அவர் போட மாட்டார். ஆண்டுதோறும் அதற்கு ஒரே பதில்தான்: “நீங்க போயிட்டா புவியியலை யாரு சார் பார்த்துக்கறது?” புவி யாரும் பார்த்துக்கொள்ளாமலே சுற்றுகிறது என்று சொல்ல அவருக்கு நாக்கு வரை வரும். திரும்பிப் போய்விடும்.

கூட்டம் கலைந்ததும் கூப்பிட்டனுப்பினார் தலைமையாசிரியை.

“சார், இந்தத் திட்டத்தை நீங்கதான் பார்க்கணும்.”

“மேடம், தண்ணி வேதியியல்ல வர்றது.”

“ஆறு உங்க பாடத்துலதானே ஓடுது?”

“பாடத்துல ஓடுது மேடம்.”

“அது போதும். அக்கம்பக்கத்துல பாரம்பரியமா ஏதாவது ஒரு நீர் நிர்வாக முறை இருக்கும். அதைக் கண்டுபிடிச்சு, நம்ம கம்ப்யூட்டர் டீச்சரோட சேர்ந்து நவீனப்படுத்தி, பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்து, மேலிடத்துலேர்ந்து பார்வையிடக் குழு வர்றப்ப செஞ்சு காட்டணும். அவ்வளவுதான்.”

ஏதோ கடைக்குப் போய் வரும்போது பேனா வாங்கி வரச் சொல்வதுபோல் சொன்னார். புவியியல் ஆசிரியர் வழக்கம்போல் கரைந்து மறையப் பார்த்தார். அதற்குள் தலைமையாசிரியை குரலைத் தாழ்த்தினார்.

“நல்லபடியா முடிஞ்சா உங்க ஆட்சேபணைக் காகிதத்தைக் கொண்டு வாங்க. பார்ப்போம்.”

அந்தக் கணத்திலிருந்து அவர் நீர்வள நிபுணரானார்.

பள்ளிச் சுவருக்குப் பின்னால் காய்கறித் தோட்டங்கள் இருந்தன. நடுவே ஒரு வாய்க்கால். அன்று மாலையே கையில் அட்டையும் பேனாவுமாக அங்கே போனார். அடுத்தடுத்த இரண்டு தோட்டங்களில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு கொத்திக்கொண்டிருந்தார்கள்.

“வணக்கங்க. இங்க உங்க பாரம்பரிய முறை என்னன்னு தெரிஞ்சுக்கலாமா?”

மண்வெட்டியை நிறுத்தி முதலாமவர் யோசித்தார். “எங்க முறை வெள்ளிக்கிழமை.”

“இல்லீங்க, பரம்பரையா வர்ற முறை.”

“பரம்பரையாவே வெள்ளிக்கிழமைதான். எங்கப்பா காலத்துலயும் அதேதான். அந்தா நிக்கிறானே, அவனுக்குச் சனிக்கிழமை.”

“அவர் உங்களுக்கு…”

“முறைக்கு மச்சான். ஆனா பேச்சு கிடையாது. போன வாரம் வெள்ளிக்கிழமை முடியறதுக்குள்ளயே மடையைத் திருப்பிட்டான்.”

“சனிக்கிழமை பொறந்து ஒரு கொட்டாவி விட்டப்புறம்தான் திருப்புனேன்னு அவன்கிட்ட சொல்லுங்க சார்” என்றார் மற்றவர், முதுகைத் திருப்பாமலே.

சார் சொன்னார். அங்கிருந்து வந்த பதிலை இங்கே சொன்னார். இப்படியே கொஞ்ச நேரம் வரப்பில் நின்று அவர்களுக்குத் தபால் சேவை செய்தார். அட்டையில் ‘மரபு முறை: வெள்ளி’ என்று எழுதி அடித்து, ‘மச்சான்’ என்று எழுதி அதையும் அடித்தார்.

“சரிங்க, யாராவது முறை தப்பினா யாரு கேக்கறது?”

பேச்சு கிடையாத இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். ஒரே திசையில் தாடையால் காட்டினார்கள்.

வாய்க்கால் பிரியும் மடையின் சிமெண்டுத் திட்டில் ஒரு குடையின்கீழ், தோட்டங்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைக்காரம்மா உட்கார்ந்திருந்தார். பாட்டில் அடியை வெட்டி ஒட்டினாற்போல் கனத்த மூக்குக்கண்ணாடி. அதற்குள் இரண்டு கண்களும் இருக்கவேண்டிய அளவைப்போல் இரண்டு மடங்கு தெரிந்தன.

“என்ன வாத்தியாரே, தண்ணி வேணுமா?”

“முறை வேணும்மா.”

“முறையா? உங்கம்மா எந்தப் பக்கம்? அதைச் சொன்னாத்தானே நான் உங்களுக்கு அத்தை முறையா, பெரியம்மா முறையான்னு பார்க்கலாம்.”

“அந்த முறை இல்லீங்கம்மா. நிர்வாகம். ஒருத்தர் முறை தப்பித் தண்ணி எடுத்தா நீங்க என்ன செய்வீங்க?”

“முறைப்பேன்.”

“அதாங்க, என்ன முறையில…”

“அட, முறைப்பேங்கறேன். இப்படி.”

முறைத்தார்.

புவியியல் ஆசிரியருக்குக் கைகால் ஓடவில்லை. கல்லூரி நூலகத்தில் திருப்பித் தராத ஒரு நில வரைபடப் புத்தகம் நினைவுக்கு வந்தது. காய்ச்சல் என்று சொல்லி எடுத்த ஒரு விடுப்பு நினைவுக்கு வந்தது. காலையில் அறையை விட்டுக் கிளம்பும்போது மின்விசிறியை நிறுத்தவில்லையே என்று தோன்றியது. “மன்னிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு எதற்கு என்று தெரியாமல் விழித்தார்.

“அவ்வளவுதான்” என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் மடைக்காரம்மா. “இதுக்கு மேல என்ன வேணும்?”

“அப்ப உங்க தோட்டத்துக்கு எந்த நாள் முறைம்மா?”

“எனக்கு எதுக்கு நாளு? வேணுங்கறப்ப எடுத்துக்குவேன்.”

அவருடைய தோட்டம் மட்டும் பச்சைப் பசேலென்று, கேட்பாரற்றுச் செழித்துக் கிடந்ததை அப்போதுதான் கவனித்தார்.

“அப்ப உங்களை யாரு முறைக்கிறது?”

“முறைக்கட்டுமே. யாருன்னு நானும் பார்க்கறேன்” என்று கண்ணாடியை மாட்டினார்.

அந்த வாரக் கடைசியில் கணினி ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்துக் கீபோர்டில் தலைவைத்துவிட்டாள். அவள் தன் பங்குக்கு மேல்மாடித் தொட்டியில் ஓர் உணர்கருவி பொருத்தியிருந்தாள். தண்ணீர் குறைந்தால் எல்லா மாடியிலும் ஓர் இயந்திரக் குரல், மூக்கடைத்தவன் பேசுவதுபோல், “எச்சரிக்கை. நீர் மட்டம் குறைகிறது” என்று சொல்லும். முதல் நாள் அந்தக் குரல் கேட்டதும் பள்ளியே சிக்கனத்தில் இறங்கும் என்று எதிர்பார்த்தாள். பள்ளி பாட்டிலோடு இறங்கியது. தீர்வதற்குள் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று ஆளுக்கு இரண்டு பாட்டிலும் வாளியுமாகக் குழாயை மொய்த்ததில், வழக்கமாக மதியம் காலியாகும் தொட்டி அன்று முற்பகலிலேயே வறண்டது.

“நவீனம் நல்லாத்தான் வேலை செய்யுது சார். ஜனங்கதான் சரியில்ல” என்றாள்.

“அதான் மரபும் வேணுங்கறாங்க. அறிக்கையில எழுதும்மா.”

“எழுதலாம் சார். ஆனா ‘முறைத்தல்’னு போட்டா குழு சிரிக்கும்.”

இருவரும் யோசித்தார்கள். கடைசியில் ‘பார்வைவழிச் சமூக நெறிப்படுத்தல்’ என்று போட்டார்கள்.

“அந்தம்மா புருவத்தை நெரிக்கிறாங்கன்னீங்களே, அது?”

“‘முகத்தசை சார்ந்த உள்ளூர்த் தொழில்நுட்பம்’.”

“சார், நீங்க இவ்வளவு நாளா எங்க ஒளிஞ்சிருந்தீங்க?”

“கொடிக்கம்பத்துக்குப் பின்னாடி” என்றார் அவர்.

மடைக்காரம்மா பள்ளிக்கு வருவதற்குச் சில நிபந்தனைகளோடு சம்மதித்தார். கைவைத்த நாற்காலி வேண்டும், டீ சூடாக வேண்டும், யாரும் வந்து மரபறிவு என்று பேச்சுக்கொடுக்கக் கூடாது. காலையில் வாய்க்காலைத் தன் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிட்டு இங்கே வந்து, எல்லாக் குழாயும் தெரியும்படி படிக்கட்டு முனையில் உட்கார்ந்துகொண்டார்.

முதல் பலி உடற்பயிற்சி ஆசிரியர். தினமும் பள்ளித் தண்ணீரில் தன் மோட்டார் பைக்கைக் குளிப்பாட்டுவது அவர் வழக்கம். பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் தேய்த்திருக்க மாட்டார். சோப்பு நுரையோடு நிமிர்ந்தவர் அந்தக் கண்களைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் விசிலை ஊதிப் பார்த்தார். கண்கள் இமைக்கவில்லை. குழாயைத் தானாகவே மூடிவிட்டு, நுரை வழியும் வண்டியிலேயே வீட்டுக்குப் போனார். வழியில் போக்குவரத்துக் காவலர் நிறுத்தி, “என்ன சார், வண்டிக்கு ஷேவிங்கா?” என்று கேட்டதாகப் பின்னர் தெரியவந்தது.

அன்று தொட்டியில் மாலை மணி அடிக்கும்வரை தண்ணீர் இருந்தது. முதன்முறையாகப் பெண்கள் கழிப்பறையின் கடைசிக் குழாயிலும் வந்தது. அதுவரை அந்தக் குழாய் சுவருக்கு அழகாக வைத்தது என்றே பிள்ளைகள் நினைத்திருந்தார்கள்.

திட்டத்தில் கற்பித்தலும் உண்டல்லவா. ஒன்பதாம் வகுப்புக்குச் செய்முறைப் பாடம் நடந்தது. மடைக்காரம்மா முறைத்துக் காட்ட, பிள்ளைகள் கண்ணாடி பார்த்துப் பழகினார்கள். ஒரு வாரத்தில் பெற்றோர் படையெடுத்தார்கள்.

“நான் பல்லு தேய்க்கறப்ப எம் பொண்ணு பின்னாடி வந்து நின்னு முறைக்கறா சார்.”

“அது வீட்டுப்பாடம்ங்க.”

“குழாயை மூடினப்புறமும் முறைக்கறா.”

“அது கூடுதல் மதிப்பெண்ணுக்கு.”

புவியியல் ஆசிரியர் மட்டும் தேறவில்லை. அவர் புருவத்தைச் சுருக்கி விழித்தபோது முதல் பெஞ்சு மாணவி எழுந்து, “சார், கண்ணுல தூசியா?” என்று அக்கறையாகக் கேட்டாள். மடைக்காரம்மா பார்த்துவிட்டு, “உங்களுக்கு வராது வாத்தியாரே. நீங்க முறைச்சா எதிராளிக்கு இரக்கம்தான் வரும்” என்று முடித்துவிட்டார்.

குழு வந்தது. தலைவர் தண்ணீரைப் பற்றித் தடிதடியாகப் புத்தகங்கள் எழுதியவர். பயணங்களில் பாட்டில் தண்ணீரைத் தவிர வேறு தொடாதவர். கூடவே ஒரு நிபுணர். எது நடந்தாலும் அதற்கு ஒரு பெயர் சொல்வது அவர் வேலை. அரங்க மேடையில் அவர்கள் முன்னால் தட்டில் வறுத்த முந்திரி வைத்திருந்தார்கள். மரபின் சான்றாக மடைக்காரம்மா மேடை ஓரத்தில் கைவைத்த நாற்காலியில். அறிவியலின் சான்றாகத் திரையில் கணினி ஆசிரியையின் நீர்மட்டக் கோடு. புவியியல் ஆசிரியர் திரைச்சீலையின் மடிப்பில், சட்டைப்பையில் ஆட்சேபணைக் காகிதத்தோடு. அன்று காலை மனைவியிடம், “இன்னிக்கு முடிஞ்சிடும்” என்று சொல்லியிருந்தார்.

தலைமையாசிரியை மைக்கைப் பிடித்தார். “ஒவ்வொரு துளியும்…” என்று தொடங்கினார்.

“எச்சரிக்கை. நீர் மட்டம் குறைகிறது” என்றது மூக்கடைத்த குரல்.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். கோடு சறுக்குமரத்தில் ஏறிய குழந்தைபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. தலைவர் நிபுணரைப் பார்த்தார்.

“ஆவியாதல்” என்றார் நிபுணர்.

தலைவர் தலையாட்டினார். தலைமையாசிரியையும் ஆட்டினார். மடைக்காரம்மா ஆட்டவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். வாசற்படியின் இருபுறமும் தலைமையாசிரியையின் ரோஜாத் தொட்டிகள். குழு வரும்போது இலையெல்லாம் பளபளக்கவேண்டும் என்று காலையில் போட்ட ரப்பர் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிகள் நிரம்பி, படிகள் நிரம்பி, தலைவரின் காருக்கடியில் ஒரு குளம் உருவாகியிருந்தது.

மடைக்காரம்மா திரும்பினார். தலைமையாசிரியையை முறைத்தார்.

“அம்மா, நீங்க உங்க இடத்துல உட்காரலாம்” என்றார் தலைமையாசிரியை, மேடைச் சிரிப்பு மாறாமல்.

கண்கள் நகரவில்லை. அந்தச் சிரிப்பு முதலில் ஒரு பக்கம் சரிந்தது. அப்புறம் மறுபக்கம்.

“அது… குழுவை வரவேற்கணும்னுதான்… ரோஜா இல்லையா…” என்றார். பிறகு எதுவும் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கி வெளியே நடந்தார். கம்பியில்லாத மைக்கைக் கையிலிருந்து விட மறந்துவிட்டார். அரங்கம் முழுக்கக் காலடியோசை கேட்டது, பெருமூச்சு கேட்டது, “கிழவிக்குக் கண்ணைப் பாரு” என்று ஒரு முணுமுணுப்பு, சேற்றில் செருப்பு சிக்கிய ‘பச்சக்’, கடைசியாகக் குழாய் திருகும் கிரீச்சொலி.

“நன்றி” என்றது இயந்திரக் குரல்.

ஒன்பதாம் வகுப்பு கைதட்டியது. புவியியல் ஆசிரியர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காகிதம் இருந்தது. அதில் கையெழுத்து விழும் என்ற நம்பிக்கைதான் இல்லை. இன்னும் எத்தனை வருடம் கைபேசிக்குள்ளேயே குடியிருப்பது என்று கணக்குப் போட்டார்.

மடைக்காரம்மா நிறுத்தவில்லை. மடையில் உட்கார்ந்து பழகிய கண். பங்குக்கு மேல் எடுக்கும் கை எதுவானாலும் அது கண்டுபிடித்துவிடும். இப்போது அந்தக் கண் மேசைமேல் பதிந்திருந்தது. குழுத் தலைவரின் கை முந்திரித் தட்டுக்கும் வாய்க்கும் இடையே பாதிவழியில் நின்றது. நிபுணரின் பங்கும் சேர்த்து ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. தலைவர் கையிலிருந்ததைத் தட்டில் போட்டார். கண்கள் விடவில்லை. சற்றுத் தயங்கி, கோட்டுப் பையிலிருந்தும் ஒரு பிடி எடுத்துப் போட்டார்.

 இனி இரண்டே வழிகள்தான்: ஒன்று, தலைவர் அவமானப்படவேண்டும்; அல்லது இது மாபெரும் கண்டுபிடிப்பாக இருக்கவேண்டும். தலைவர் அனுபவசாலி. எழுந்து நின்று கைதட்டினார்.

“அற்புதம். மரபும் நவீனமும் கைகோத்த இப்படி ஒரு மாதிரியை நான் எங்கயும் பார்த்ததில்ல. இதை எல்லாப் பள்ளிக்கும் கொண்டுபோகணும். யார் இதை உருவாக்கினது?”

நூறு விரல்கள் திரைச்சீலையைக் காட்டின.

மடைக்காரம்மாவைப் பயிற்சியாளராக வரும்படி கேட்டார்கள். “நான் வந்துட்டா என் தோட்டத்துக்கு யாரு தண்ணி திருடுறது?” என்று எழுந்து போய்விட்டார். போகும்போது முந்திரித் தட்டையும் எடுத்துக்கொண்டார். யாரும் முறைக்கவில்லை. அதனாலென்ன, அவர் முகத்தைப் படமெடுத்து, பெரிதாக்கி, சட்டமிட்டு எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்புவதென்று நிபுணர் யோசனை சொன்னார். அதற்குப் பெயரும் உடனே வைத்தார்.

குழுவின் கார் சேற்றிலிருந்து தள்ளி விடப்பட்டதும் தலைமையாசிரியை புவியியல் ஆசிரியரைக் கூப்பிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. செருப்பு ஒன்றுதான் இருந்தது.

“எங்க சார் அந்தக் காகிதம்?”

“எந்தக் காகிதம் மேடம்?”

“குடுங்க. உங்க மூஞ்சியைப் பார்க்கறப்பல்லாம் எனக்கு அந்தக் குழாய்ச் சத்தம்தான் கேக்கும்.”

இத்தனை வருடமாக இறங்காத பேனா இறங்கியது. காகிதம் கிழிகிறமாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார். ஆட்சேபணை இல்லை. புவியியல் ஆசிரியர் மாடிப்படியில் இரண்டிரண்டு படிகளாக இறங்கினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

“கையெழுத்துப் போட்டுட்டாங்க” என்றார் மனைவியிடம், கைபேசியில்.

 “சும்மா சொல்லாதீங்க” என்றாள். பிறகு, “உங்க பீரோவுக்கு எங்க இடம் பண்றது” என்றாள். அவள் அழுகிறாள் என்று புரிந்து அவர் பீரோவைப் பற்றியே நெடுநேரம் பேசினார். மகள் கைபேசியைப் பிடுங்கி, “அப்பா, பூனை இல்ல. அதைச் சும்மா வரைஞ்சேன். வந்து தேடாதீங்க” என்று முன்கூட்டியே சொல்லி வைத்தாள்.

இயந்திரங்களின் தடதடப்பே இனி இல்லை என்று தையற்காரரிடம் விடைபெற்றார். காகிதத்தை மனுவோடு மேலிடத்துக்கு அனுப்பிவிட்டுப் பாத்திரங்களைக் கட்டினார். உத்தரவு வந்தபோது கட்டிய கயிற்றை இன்னொரு முடிச்சு இறுக்கிக்கொண்டிருந்தார்.

‘பார்வைவழிச் சமூக நெறிப்படுத்தல்’ பயிற்சிக்கென ஒரு மையம் நிறுவப்படுவதாகவும், அதை உருவாக்கிய வல்லுநரை முதன்மைப் பயிற்சியாளராக நியமிப்பதாகவும் அதில் இருந்தது. அவரைப் பள்ளியிலிருந்து எடுப்பதற்குச் சிக்கல் வரலாம் என்று குழு எண்ணியிருந்ததாம். நல்லவேளையாகத் தலைமையாசிரியை ஆட்சேபணை இல்லை என்று தாமாகவே எழுதிக் கொடுத்துவிட்டாராம். குழு அதற்கு நன்றி தெரிவித்திருந்தது. மையம் இருக்கும் ஊரை வரைபடம் பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது. வரைபடம் முடியும் ஓரத்தில், நாட்டின் மறுகோடியில் இருந்தது. மனைவி ஊர் இந்தக் கோடி.

அவளிடம் சொன்னார்.

“முறைக்கிறதுக்கு ட்ரெயினிங்கா?” என்றாள்.

“ஆமா.”

“நீங்களா குடுக்கப் போறீங்க?”

“ஆமா.”

“பால்காரர் தண்ணி கலந்தாக்கூட நீங்கதான் தலையைக் குனிஞ்சுக்குவீங்க.”

“அது அவங்களுக்குத் தெரியாது.”

“சொல்ல வேண்டியதுதானே? முறைச்சுக் கேக்க வேண்டியதுதானே, எம் பொண்டாட்டி பிள்ளை இங்க இருக்காங்கன்னு?”

அதைத்தான் செய்வதென்று முடிவு செய்தார். குழுவின் தலைமை அலுவலகத்துக்கே போனார். தலைவர் அறையில் மேசைக்கு எதிரே நின்று, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மனிதரை நேருக்கு நேர், புருவத்தை நெரித்து, இமைக்காமல், உள்ளதையெல்லாம் கண்ணில் திரட்டி முறைத்தார். தலைவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“உணர்ச்சிவசப்படாதீங்க. உங்களுக்குத் தகுதி இருக்கு, அதனாலதான் குடுத்தோம்” என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தாளும் ஒன்று கொடுத்தார்.

புவியியல் ஆசிரியர் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தார். மையம் இன்னும் கட்டப்படவில்லை.